ஒரு காக்பிட்டில் இரண்டு சார்கள்

விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தபோது எனக்கு வயது 44. என் பயிற்றுநருக்கு 28. கற்றுக்கொடுப்பவர் என்பதால் நான் அவரை ‘சார்’ என்றேன். வயதில் மூத்தவன் என்பதால் அவரும் என்னை ‘சார்’ என்றார். செஸ்னா 172 விமானத்தின் காக்பிட் உள்ளளவில் சுமார் ஒரு மீட்டர் அகலம்தான். அதற்குள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, “வேகம் கூடுகிறது சார்”, “குறைக்கிறேன் சார்” என்று பேசிக்கொண்டே பறப்போம். கேட்பவர்களுக்கு ஏதோ அலுவலகத்தில் கோப்பு நகர்வதுபோல் இருந்திருக்கும்.

அந்த மரியாதை ஒரே ஒரு நாள், சுமார் நான்கு விநாடிகளுக்குக் காணாமல் போனது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த நான்கு விநாடிக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

சிறு விமானத்தை மேலே ஏற்றுவது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. முழு விசை கொடுத்து, மூக்கு இடப்பக்கம் ஓடாமல் வலது காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வேகம் 55 நாட்டை (நாட் என்பது விமான வேகத்தின் அலகு, மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) தொட்டதும் லேசாக இழுத்தால் அது எழும்பிவிடும். எழும்புவதற்காகவே செய்யப்பட்ட பொருள் அது. இறக்குவதில்தான் எல்லாப் பாடும். பயிற்சியின்போது ஓடுபாதையைச் சுற்றி 1,000 அடி உயரத்தில் ஒரு செவ்வகம் போட்டுக்கொண்டே இருப்போம். ஒரு சுற்றுக்கு ஏழெட்டு நிமிடம். ஒரு மணி நேரத்தில் எட்டு முறை இறங்கி ஏறலாம். ஆனால் தரைக்குச் சில அடி மேலே மூக்கை மெல்ல உயர்த்தி வேகத்தைக் கரைக்கிற அந்தக் கட்டம், விமானிகள் ஃப்ளேர் என்று சொல்வது, ஒவ்வொரு முறையும் ஏழெட்டு விநாடிதான் நீடிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டினால் ஒரு நிமிடப் பயிற்சி. பத்து மணி நேரம் பறந்து முடித்தபோது என்னிடம் இருந்தது பத்து நிமிட அனுபவம். “இன்னும் வரவில்லையே சார்” என்று நான் புலம்பும்போதெல்லாம் அவர் இந்தக் கணக்கைத்தான் சொல்வார். புலம்பல் குறைந்தது, பணம் கட்டுவது குறையவில்லை.

பிறக்கும்போதே நம்முடன் வரும் உள்ளுணர்வு, தரையில் நடக்கிற ஒரு பிராணியின் உள்ளுணர்வு. அது விமானத்தில் எவ்வளவு தூரம் காலை வாரும் என்பது எஞ்சின் கிளப்பிய முதல் நிமிடமே தெரிந்துவிட்டது. கைக்கு முன்னால் ஸ்டீயரிங் போல ஒன்று இருக்கிறது. வண்டி இடப்பக்கம் ஒதுங்குகிறது. நான் அதை வலப்பக்கம் திருப்புகிறேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் திருப்புகிறேன். விமானம் நிம்மதியாகப் புல்வெளியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. தரையில் அதைத் திருப்புவது கால், கை இல்லை. இருபது ஆண்டுகள் கார் ஓட்டிய கைகள் இதை ஒப்புக்கொள்ள ஒரு வாரம் ஆயிற்று. கடைசியில் பயிற்றுநர் என் இரு கைகளையும் மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் காலாலேயே ஓட்டவைத்தார். எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்ன பள்ளிக்கூட நாள் ஞாபகம் வந்தது.

அடுத்தது பிடி. பயந்தவன் எதையும் இறுகப் பிடிப்பான். இறுகப் பிடித்த கைக்கு விமானம் பேசுவது கேட்காது. அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து, என் இடது கையின் நடு மூன்று விரல்களுக்கு இடையே மேலும் கீழுமாகக் கோத்துவிட்டார். “இப்போது ஓட்டுங்கள் சார்.” லேசாகப் பிடித்தால் பென்சில் இருப்பதே தெரியாது. இறுக்கினால் விரல் எலும்பில் ஏறும். அன்று இறங்கியபோது என் விரல்களில் இரண்டு சிவப்புக் கோடுகள். நான்கு நாள் கழித்துக் கோடுகள் இல்லை. நான் பார்த்த பயிற்சிக் கருவிகளிலேயே விலை குறைந்தது அந்தப் பென்சில்தான். பலன் அதிகமும் அதில்தான். கற்றுக்கொள்கிறவர்கள் அடுத்த வகுப்புக்கே ஒன்று கொண்டுபோகலாம்.

இனி அந்த நான்கு விநாடி.

பதினொன்றாவது மணி நேரம் என்று என் பறப்புக் குறிப்பேடு சொல்கிறது. காற்று இல்லை, வெயில் ஏறவில்லை, குறைசொல்ல எதுவுமில்லாத காலை. ஓடுபாதையை நோக்கி இறங்கி வருகிறேன். வேகம் 65 நாட் இருக்க வேண்டும், 72 இருக்கிறது. பரவாயில்லை, வேகம் இருந்தால் பத்திரம்தானே என்று மனம் சொல்கிறது. தரை நெருங்குகிறது. நெருங்குகிறது என்றால் படிப்படியாக இல்லை. கடைசி நூறு அடியில் திடீரென்று அகலமாகி எழுந்து வருகிறது. இழு என்றது உடம்பு. இழுத்தேன். கைவசம் கூடுதல் வேகம் இருந்ததால் விமானம் சந்தோஷமாக மறுபடி மேலே ஏறியது. ஏறினால் என்ன செய்வோம்? தள்ளுவோம். தள்ளினேன். மூக்குச் சக்கரம் முதலில் தரையில் இடித்தது. பந்துபோல் எழும்பினோம். மறுபடி தள்ளினேன். இந்த முறை இன்னும் பலமாக இடித்து, இன்னும் உயரமாக எழும்பினோம். மூன்றாவது முறை தள்ளக் கை போனபோதுதான் வலப்பக்கத்திலிருந்து அந்தக் குரல் வந்தது:

“விடு!”

விட்டேன். அவர் முழு விசை கொடுத்து, மூக்கைக் கிடைமட்டத்துக்குச் சற்று மேலே வைத்து, எதுவுமே நடக்காததுபோல் விமானத்தை மேலே கொண்டுபோனார். 500 அடி வரை இருவரும் பேசவில்லை. பிறகு அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “மன்னிக்க வேண்டும் சார். வாய் தவறி ஒருமையில் சொல்லிவிட்டேன்” என்றார். உயிரைக் காப்பாற்றியதற்கு மன்னிப்புக் கேட்ட மனிதரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

தரையில் இறங்கியபின் காகிதத்தில் வரைந்து காட்டினார். நான் செய்தது புதிதொன்றும் இல்லை. புதியவர்கள் எல்லாரும் செய்வதுதான். எழும்பிய விமானத்தில் வேகம் செத்துக்கொண்டிருக்கும், மூக்கு மேலே இருக்கும். மனிதனின் கை ஒரு நொடி தாமதமாகத்தான் வேலை செய்யும். மூக்கைத் தள்ள வேண்டும் என்று நினைத்துக் கை தள்ளும்போது விமானம் தானாகவே கீழே வரத் தொடங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்து மூக்குச் சக்கரத்தின்மேல் இறங்கும். ஒவ்வொரு குதிப்பும் முந்தியதைவிடப் பெரிதாக இருக்கும். அடுத்த குதிப்பில் முன்சக்கரத் தண்டு வளையலாம், சுழலி (மூக்கில் சுழலும் விசிறி) தரையில் உரசலாம். 172-இல் முன்சக்கரத் தண்டு மாட்டியிருப்பது எஞ்சினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவே உள்ள தடுப்புச்சுவரில். அந்தச் சுவர் மடங்கினால் செலவு சக்கரத்தோடு நிற்காது. சுழலி தரையில் பட்டால் எஞ்சினையே பிரித்துப் பார்க்க வேண்டும்.

“நடந்து வெளியே வர முடிந்தால் அது நல்ல இறக்கம், அதே விமானத்தை மறுநாளும் ஓட்ட முடிந்தால் மிக நல்ல இறக்கம்” என்று விமானிகளிடையே ஒரு பழைய ஜோக் உண்டு. அதன் இரண்டாம் பாதி முழுக்க முழுக்க முன்சக்கரத்தைப் பற்றியது என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. அதற்குப் பிறகு, பறக்கிறவர்கள் சொல்லும் ஜோக்குகளைச் சிரித்துவிட்டு விடுவதில்லை. உள்ளே என்ன மருந்து வைத்திருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்ப்பேன். பெரும்பாலும் இருக்கும்.

குதித்த விமானத்துக்கு மருந்து இதுதான்: சின்னக் குதிப்பென்றால் மூக்கு எங்கே இருக்கிறதோ அங்கேயே பிடித்துக்கொண்டு, துளி விசை சேர்த்து, மறுபடி அமைதியாக உட்காரவிட வேண்டும். பெரிய குதிப்பென்றால் யோசிக்கவே கூடாது. முழு விசை கொடுத்து மேலே போய்விட வேண்டும். சின்னதா பெரிதா என்று சந்தேகம் வந்தால், சந்தேகம் வந்ததாலேயே அது பெரிது. இதை எழுதிக் கொடுத்தால் யாரும் புரிந்துகொள்வார்கள். கை புரிந்துகொள்ளத்தான் எனக்கு இன்னும் பதினைந்து மணி நேரம் ஆயிற்று.

வேகம் இருந்தால் பத்திரம் என்று மனம் சொன்னதே, அதையும் தீர்த்துவிடுகிறேன். சிறு விமானத்தைக் கெடுக்கிற நல்லெண்ணம் அது. வேகம் கூடும்போது ஆற்றல் அந்த வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 65-க்குப் பதில் 75 நாட்டில் வந்தால் வேகம் பதினைந்து சதவீதம்தான் அதிகம். கரைக்க வேண்டிய ஆற்றலோ மூன்றில் ஒரு பங்கு அதிகம். அதோடு, இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரையுள்ள நீளம் அளவுக்குத் தரையை நெருங்கிவிட்டால் (172-க்கு அது சுமார் 11 மீட்டர்) இறக்கை நுனிகளில் சுழலும் காற்றைத் தரை தடுத்துவிடுவதால் இழுவை குறைகிறது. விமானம் ஒரு கண்ணுக்குத் தெரியாத மெத்தையில் ஏறி மிதக்கத் தொடங்கும். ஓடுபாதை கீழே ஓடிக்கொண்டே இருக்கும். நாம் இறங்கவே மாட்டோம்.

ஒருநாள் அப்படி மிதந்தபோது பயிற்றுநர் வாயைத் திறக்கவில்லை. பாதித் தூரம் போய்விட்டது.

“என்ன சார், காத்திருக்கிறீர்கள்?”

“இறங்கட்டும் என்று சார்.”

“அதுவும் அதற்குத்தான் காத்திருக்கிறது. ஓடுபாதைதான் காத்திருக்காது.”

அன்றிலிருந்து எனக்கொரு கோடு உண்டு. ஓடுபாதையின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் சக்கரம் தொடவில்லை என்றால் மறுபேச்சில்லாமல் மேலே போய்விடுவேன். அந்தக் கோட்டை மேலே பறந்துவரும்போதே, அங்கே நிற்கும் ஏதாவதொரு பலகையையோ விமானம் ஓடுபாதையை விட்டு வெளியேறும் டாக்ஸி பாதை பிரியும் இடத்தையோ அடையாளமாக வைத்துத் தீர்மானித்துவிட வேண்டும். மிதக்கும்போது தீர்மானிக்கப் போனால், ‘இதோ இப்போது இறங்கிவிடும்’ என்று மனம் தரகு பேசத் தொடங்கிவிடும்.

கண் எங்கே பார்க்க வேண்டும் என்பதுதான் எனக்குக் கிடைத்த பெரிய திறவுகோல். இறங்கி வரும்போது ஒரு வழி இருக்கிறது: முன்கண்ணாடியில் எந்தப் புள்ளி அசையாமல் நிற்கிறதோ அங்கேதான் போய்ச் சேரப்போகிறோம். நாம் குறிவைத்த இடம் கண்ணாடியில் கீழே நழுவினால் அதைத் தாண்டிப் போவோம். மேலே ஏறினால் அதை எட்டமாட்டோம். இது இவ்வளவு எளிமையாக இருப்பதை நம்ப எனக்குச் சில நாள் பிடித்தது. ஓடுபாதை ஓரத்தில் நான்கு விளக்குகள் இருந்தால் அவையும் துணைக்கு வரும்: இரண்டு வெள்ளை இரண்டு சிவப்பு என்றால் சரி, நான்கும் வெள்ளை என்றால் உயரம் அதிகம், நான்கும் சிவப்பு என்றால் உடனே கவலைப்படத் தொடங்கலாம்.

ஆனால் தரைக்கு அருகே வந்ததும் அந்தப் புள்ளியை விட்டுவிட வேண்டும். நான் விடவில்லை. சக்கரம் எங்கே தொடப்போகிறது என்று மூக்குக்கு நேர் கீழே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அருகில் பார்த்தால் எல்லாம் மங்கலாக ஓடும், உயரம் தெரியாது. “ஓடுபாதையின் மறுமுனையைப் பாருங்கள் சார். தரையைப் பார்க்காதீர்கள், அது எங்கேயும் போய்விடாது” என்றார். மறுமுனையைப் பார்த்தபோது வினோதமான ஒன்று நடந்தது. கடைக்கண்ணில் இருபக்கமும் ஓடுபாதையின் ஓரங்கள் விரிந்து, மெல்லத் தோள் உயரத்துக்கு ஏறி வருவது தெரிந்தது. உயரத்தைச் சொல்வது கடைக்கண்தான். அந்த நாளில்தான் முதல்முறையாகச் சக்கரம் தொட்டதை உணராமல் சத்தத்தால் தெரிந்துகொண்டேன்.

கூடவே இன்னொரு வாக்கியமும் சொன்னார்: “இறக்கப் பார்க்காதீர்கள். இறங்காமல் வைத்திருக்கப் பாருங்கள்.” தரைக்கு ஓரிரு அடி மேலே, விசையை முழுக்க எடுத்துவிட்டு, விமானத்தைக் கீழே விடமாட்டேன் என்று பிடிவாதமாக மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அது கீழே போக விரும்பும்; நாம் இன்னும் கொஞ்சம் இழுப்போம். வேகம் 40 நாட்டை நெருங்கும்போது இடது இறக்கையின் முன்விளிம்பில் இருக்கும் ஒரு சின்ன ஓட்டை வழியாகக் காற்று உறிஞ்சப்பட்டு, பீப்பி ஊதுவதுபோல் ஒரு முனகல் கேட்கும். இறக்கை இனித் தாங்காது என்கிற எச்சரிக்கை அது. ஆயிரம் அடியில் கேட்டால் வியர்க்க வேண்டிய அந்த ஒலி, தரைக்கு ஓரடி மேலே கேட்டால் நாதஸ்வரம். பின்சக்கரங்கள் உட்காரும். மூக்கு அதன்பிறகு தானாக வணங்கும்.

உள்ளுணர்வு வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்ட வாரத்திலேயே அது என்னைக் கவிழ்த்தது. நான் பழகிய ஓடுபாதை குறுகலானது, அகலம் 18 மீட்டர். முதல்முறையாக 45 மீட்டர் அகல ஓடுபாதை உள்ள வேறொரு விமான நிலையத்துக்குப் போனோம். கடைக்கண் தன் கடமையைச் செய்தது: ஓரங்கள் பழக்கமான அளவு விரிந்துவிட்டன, இழுக்கலாம் என்றது. இழுத்தேன். விமானம் மிதந்து, வேகம் வற்றி, எதிர்பார்த்த இடத்தில் தரையே இல்லை. ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரத்தில் நான் இறங்கி முடித்திருந்தேன். விமானம்தான் இன்னும் இறங்கவில்லை. பயிற்றுநர் விசை கொடுத்து விழுகையை மென்மையாக்கியிருக்காவிட்டால் தண்டு தாங்கியிருக்காது. அகலமான பாதை நம்மைத் தாழ இருப்பதாக நம்பவைக்கும். குறுகலானது உயர இருப்பதாக. எதிரே ஏறிச் செல்லும் சரிவுள்ள பாதையும் உயர இருப்பதாகவே காட்டி, வழக்கத்தைவிடத் தாழ்வாக வரவைக்கும். ஆக, கடைக்கண் ஒரே ஊர்க்காரனின் அறிவு. வெளியூர் போனால் வழி கேட்டுத்தான் போக வேண்டும்: அகலம் என்ன, சரிவு உண்டா என்று புறப்படும் முன்பே பார்த்துவிடுகிறேன்.

பக்கவாட்டுக் காற்றைப் பற்றி நீட்டி எழுதப்போவதில்லை. அதைக் காகிதத்தில் கற்க முடியாது. காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, எதிர்க்காலால் மூக்கை நேராக்கி, காற்றுப் பக்கத்து ஒற்றைச் சக்கரத்தில் முதலில் இறங்க வேண்டும். பார்ப்பவர்களுக்குத் தவறுபோல் தெரியும், அதுதான் சரி. சக்கரம் தொட்டதும் ‘அப்பாடா’ என்று கையைத் தளர்த்துகிறவர்கள்தான் பாதையை விட்டு ஓடுகிறார்கள். தொட்டபிறகு வேகம் குறையக் குறையக் கைப்பிடியைக் காற்றுப் பக்கம் இன்னும் அதிகமாகத் திருப்பிக்கொண்டே வர வேண்டும். 172-இன் கையேட்டில் 15 நாட் என்று ஒரு எண் இருக்கும். விமானத்தின் எல்லை என்று பலர் அதை நினைக்கிறார்கள். சோதனை விமானி செய்து காட்டிய அளவு அது. என் எல்லை அப்போது ஏழு. அதை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்திருந்தேன்.

எல்லாவற்றுக்கும் ஜோக் வைத்திருக்கும் இந்தக் கூட்டம் ஒரே ஒரு இடத்தைப் பற்றி மட்டும் சிரிப்பதில்லை: ஓடுபாதைக்கு நேராக வரும் கடைசித் திருப்பம். திருப்பம் பிந்திவிட்டது, பாதையைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறோம். இன்னும் சாய்க்கப் பயமாக இருக்கிறது, தரை அருகில். அதனால் காலால் மூக்கைத் தள்ளித் திருப்பப் பார்க்கும் உடம்பு. மூக்கு தாழ்ந்தால் கையால் இழுக்கும். தாழ்வாகப் பறக்கும்போது இந்த இரண்டும் சேர்ந்தால் உள்பக்கத்து இறக்கை முதலில் சோர்ந்து, அதாவது தாங்கும் திறனை இழந்து, விமானம் சுழலும். மீட்க உயரம் இருக்காது. 60 பாகை சாய்ந்து உயரத்தைக் காத்துக்கொண்டு திரும்பினால் இறக்கை சோரும் வேகம் 41 சதவீதம் கூடுகிறது. ஃபிளாப்பை (மெதுவாகப் பறக்க உதவும், இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடிப்புப் பலகை) இறக்காத 172-க்குச் சுமார் 48 நாட்டாக இருந்தது 68 ஆகிவிடும். நாம் பறப்பதோ அதையொட்டிய வேகத்தில். திருப்பம் தவறிவிட்டதா, விட்டுவிட்டு மேலே போ. இதை அவர் சொன்னபோது ‘சார்’ சேர்க்கவில்லை. ஒருமையும் இல்லை, பன்மையும் இல்லை, வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் சொன்னார்.

மேலே போ என்று எல்லாரும் எளிதாகச் சொல்கிறார்கள், நான் உட்பட. ஆனால் வாய் சொல்வதைக் கால் கேட்பதில்லை. வீட்டு வாசலில் வந்து நின்றவன் திரும்பிப் போக விரும்பமாட்டான். நான் முதன்முதலில் சொந்தப் புத்தியில் மேலே போனபோது, பதற்றத்தில் ஃபிளாப்பை முழுவதும் ஒரேயடியாக மடக்கிவிட்டேன். இறக்கையிலிருந்து ஏந்தல் சட்டென்று போய், விமானம் வயிற்றைக் கலக்கும்படி தாழ்ந்தது. விசை முதலில், பிறகு ஃபிளாப் 20 பாகைக்கு, ஏறத் தொடங்கியது உறுதியானபின் மெல்ல மெல்ல மிச்சம். வரிசை மாறக் கூடாது. வலது காலும் மறக்கக் கூடாது. வீட்டில் நாற்காலி போட்டு, இரண்டு செருப்பைக் கால்மிதியாக வைத்து, கண்ணை மூடிக்கொண்டு இந்த வரிசையை வாயால் சொல்லிப் பழகினேன். வீட்டில் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் கூடத்தில் எல்லாரும் சற்றுத் தணிந்த குரலில் பேசினார்கள்.

தனியே பறக்கவிட்ட நாளில் கற்றது ஒன்று உண்டு. அவர் இறங்கிக் கதவைச் சாத்தியதும் விமானம் ஒரு ஆள் எடை குறைந்துவிட்டது. சீக்கிரம் எழும்பியது, வேகமாக ஏறியது, அது இனித்தது. ஆனால் இறங்கும்போது அதே 65-இல் வந்தால் வழக்கத்தைவிட நீண்ட நேரம் மிதந்தது. எடை குறைந்தால் சோரும் வேகமும் குறையும். ஓரிரு நாட் குறைத்து வந்திருக்க வேண்டும். யாரும் சொல்லித்தரவில்லை என்று அவரிடம் குறைபட்டேன். “மூன்று முறை சொன்னேன் சார். மூன்று முறையும் நீங்கள் தலையாட்டினீர்கள்” என்றார்.

இறங்கத் தயங்குகிறவர்களுக்கு ஆறுதலாக ஒரு வரலாறு இருக்கிறது. 1958 டிசம்பர் 4 அன்று ராபர்ட் டிம், ஜான் குக் என்ற இருவர் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் ஒரு செஸ்னா 172-இல் ஏறினார்கள். 1959 பிப்ரவரி 7 வரை இறங்கவில்லை. 64 நாள், 22 மணி, 19 நிமிடம். கீழே ஓடும் லாரியிலிருந்து குழாய் வழியே எரிபொருளும் கயிறு வழியே உணவும் எடுத்துக்கொண்டார்கள். நான் மிதந்த கதைகளைச் சொல்லும்போதெல்லாம் இவர்களைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்வேன். 1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்களின் நான்காவது பறத்தலும் 59 விநாடிகளுக்குப் பின் முன்பகுதி உடையும்படிதான் தரையில் முடிந்தது. ஆக, மோசமான இறக்கத்துக்கும் விமானத்துக்கும் ஒரே வயது.

உரிமம் வாங்கியபின் முதல் பயணி என் அம்மா. பின்சீட்டில், கைப்பையை மடியில் வைத்து, பேருந்தில் உட்காருவதுபோல் உட்கார்ந்திருந்தார். யாரும் பார்க்காத நாள்களில் பூப்போல் இறங்கும் விமானம், அன்று இரண்டு முறை குதித்து மூன்றாவதில் உட்கார்ந்தது. நான் செய்தவை எல்லாம் சரிதான்: தள்ளவில்லை, மூக்கைப் பிடித்துக்கொண்டேன், துளி விசை சேர்த்தேன். அதைப் பாராட்ட அருகில் ஆள் இல்லை. எஞ்சினை நிறுத்தியபின் அம்மா கேட்டார்: “ஏனப்பா, நடுவில் இரண்டு ஸ்டாப்பிங்கில் நின்றதே, யாரும் ஏறவே இல்லையா?”

சென்ற மாதம் மறுபரிசோதனைக்காக மீண்டும் பயிற்றுநரோடு பறந்தேன். அவருக்குத் தலையில் ஓரிரு நரை, மூத்த பயிற்றுநராகிவிட்டார். நான் கற்ற காலத்தில், இறங்கும்போது அவருடைய பாதங்களை ஓரக்கண்ணால் பார்ப்பது என் வழக்கம். நன்றாகப் போனால் தரையில் இருக்கும். கெடத் தொடங்கினால் எனக்குத் தெரிவதற்கு முன்பே மெல்ல மிதிகளை நோக்கி நகரும். அன்றும் பார்த்தேன். பாதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மடங்கிக் கிடந்தன. அவர் பக்கச் சன்னல் வழியே எதையோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தைரியத்தில் சற்று முன்னதாக இழுத்துவிட்டேன். சக்கரம் தொட்டது, ஒரு முழ உயரம் எழும்பியது. கை தள்ளப் போகவில்லை. நான் அதைத் தடுக்கவும் இல்லை. அது போகவே இல்லை. வலது கை தானே துளி விசையைச் சேர்த்தது, மறுபடி உட்கார்ந்தோம். அவர் சன்னலிலிருந்து திரும்பவில்லை.

நிறுத்தியபின் குறிப்பேட்டை அவரிடம் நீட்டினேன். பேனாவைத் திறந்தவர், இறக்கங்களின் எண்ணிக்கைக் கட்டத்தில் நிறுத்தினார்.

“எத்தனை என்று போடட்டும் சார்?”

“ஒன்றுதானே சார்.”

“சரி. பெரியதைப் போட்டுக்கொள்கிறேன்.”